8 சென்ட் குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்ப், அமெரிக்கா 1972: உறையோடு கிடைத்திருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பழைய_கடுதாசி:
வணக்கம். அம்மாவின் டிரங்குப் பெட்டியை போன வாரம் வெயிலில் வைத்தேன். அடியில் பட்டுப்புடவைக்குக் கீழே விரித்திருந்த செய்தித்தாளுக்கும் கீழே ஒரு ஏர்மெயில் உறை. ஓரம் பூராவும் சிவப்பு நீலக் கோடு, நடுவில் மடிப்பு விழுந்து பழுத்திருக்கிறது. டெட்ராய்ட்டிலிருந்து என் மாமா மதுரைக்கு எழுதியது. வலது மூலையில் ஒரே மாதிரி மூன்று ஸ்டாம்ப். அப்பா, அம்மா, பையன், பெண் என்று நாலு பேர் ஒட்டி நிற்கிறார்கள், 'ஃபேமிலி பிளானிங்' என்று எழுதியிருக்கிறது, 8 சென்ட். முத்திரையில் 1972 ஜூன் தெரிகிறது, தேதி மை ஊறிப்போய்விட்டது.

இதில் எனக்குச் சொந்த அக்கறை ஒன்று உண்டு. நான் வீட்டில் மூன்றாவது பிள்ளை, பிறந்தது 1972 நவம்பர். அதாவது இந்த உறை வந்து சேர்ந்தபோது நான் வயிற்றில். மாமா அம்மாவுக்கு ஏதாவது சொல்ல வந்தாரா, இல்லை தபால் ஆபீஸில் கொடுத்ததை ஒட்டினாரா என்பது தெரியாமல் மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்த ஸ்டாம்ப் எதற்காக வந்தது, யாரைக் கௌரவிக்க? அப்புறம் இதைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து ஆல்பத்தில் வைக்கலாமா?

பல்துளை:
ஊறப்போடாதீர்கள். முதலில் அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கித் தூர வையுங்கள், பிறகு பேசுவோம். தனி ஸ்டாம்புக்கு விலையே கிடையாது, அமெரிக்கா அந்தக் காலத்தில் நினைவுத் தபால்தலைகளைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியது, எந்த ஸ்டாம்ப் கண்காட்சியிலும் பத்து ரூபாய் டப்பாவில் கிளறினால் கிடைக்கும். ஆனால் மூன்று தலை, முழு உறை, வெளிநாட்டு முகவரி, உள்ளே கடிதமும் இருந்தால் அது வேறு சாமான். பிரித்தால் போச்சு.

வெளியான நாள் 1972 மார்ச் 18, நியூயார்க். அப்போது அமெரிக்காவுக்குள் சாதாரணக் கடிதத்துக்கு 8 சென்ட், அதனால்தான் அந்த மதிப்பு. நாடு முழுவதும் எந்தக் கடிதத்திலும் ஒட்டட்டும் என்று வெளியிட்டது. நியூயார்க்கில் வெளியிட்டது பொருத்தம்தான், கருத்தடை உரிமைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கர் அம்மையார் தன் முதல் கிளினிக்கைத் திறந்த ஊர்.

சும்மா_ஒருவன்:
மூன்று ஸ்டாம்ப், ஸ்டாம்புக்கு இரண்டு பிள்ளை, ஆக மொத்தம் ஆறு. உங்கள் மாமா உங்களோடு நிறுத்தச் சொல்லவில்லை, இன்னும் மூன்று பாக்கி என்றுதான் கணக்குச் சொல்லியிருக்கிறார் 😀

கணக்கு_டீச்சர்:
தம்பி சும்மா, கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய_கடுதாசி, யாரைக் கௌரவிக்க என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியில்தான் எனக்கு இந்த ஸ்டாம்ப் மேல் ஒரு கிறுக்கு உண்டு. ஸ்டாம்பில் ஒரு பெயரும் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் பல காலம் இந்த வேலையைப் பெரும்பாலும் தூக்கிச் சுமந்தது ஓர் அரசு இலாகா இல்லை, தொண்டு அமைப்பு. 1916 அக்டோபரில் நியூயார்க்கின் பிரௌன்ஸ்வில் பகுதியில் மார்கரெட் சாங்கரும் தங்கை எத்தல் பைர்னும் திறந்த கிளினிக்கைப் பத்தே நாளில் போலீஸ் மூடியது. பிறகு 1921-இல் அமெரிக்கப் பிறப்புக் கட்டுப்பாட்டுக் கழகம், அது வளர்ந்து 1942-இல் பிளான்டு பேரன்ட்ஹுட் என்று பெயர் மாறியது. பல்துளை சார் சொன்னது அந்த பிரௌன்ஸ்வில் கிளினிக்தான்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதில்லை. இந்த ஸ்டாம்பை அடித்தது யார்? தபால் துறை. நூறு வருஷமாக இந்த ஆட்களைத் துரத்தியதும் யார்? அதே தபால் துறை! 1873-இல் காம்ஸ்டாக் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், ஆபாசப் புத்தகத்தோடு கருத்தடைச் சாமான், கருத்தடை பற்றிய தகவல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, தபாலில் அனுப்பினால் குற்றம் என்று சொன்னது. அந்தோனி காம்ஸ்டாக் என்பவரைத் தபால் துறையின் சிறப்பு ஏஜெண்டாகவே நியமித்தார்கள், மனுஷன் 1915-இல் சாகும்வரை அதே வேலையாக இருந்தார். 1914-இல் சாங்கர் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார், தபால் துறை அதை அனுப்பத் தகாதது என்று நிறுத்தி வழக்கும் போட்டது, அவர் இங்கிலாந்துக்கு ஓடினார். ஊரில் இருந்த கணவரைக் காம்ஸ்டாக் பிடித்தார். வேறு பெயரில் ஓர் ஆளை அனுப்பி, சாங்கர் எழுதிய துண்டுப் பிரசுரம் ஒன்று வேண்டும் என்று கேட்கவைத்து, இவர் எடுத்துக் கொடுத்ததற்காகப் பிறகு கைது. முப்பது நாள் உள்ளே போனார்.

சட்டத்திலிருந்து கருத்தடையை எடுத்தது எப்போது தெரியுமா? 1971 ஜனவரி 8, நிக்ஸன் கையெழுத்து. ஸ்டாம்ப் 1972 மார்ச் 18. தொண்ணூற்றெட்டு வருஷம் குற்றம், பதினாலு மாதத்தில் மரியாதை. இதுக்குப் பேர்தான் மாமியார் உடைத்தால் மண்சட்டி.

பல்துளை:
டீச்சர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். பழைய தபால் இலாகா 1971 ஜூலை 1-ஆம் தேதியோடு கலைக்கப்பட்டு, புதிய தபால் சேவை நிறுவனமாக மாறியது. ஸ்டாம்பை வெளியிட்டது புதியது. போர்டு மாறிய பிறகு பழைய பாவத்தைக் கழுவினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு_டீச்சர்:
போர்டை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா சார், அதே போஸ்ட்மேன்தானே பையைத் தூக்குகிறார்.

மருந்துச்சீட்டு:
இந்தத் துறையில் மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருபத்தெட்டு வருஷம் சுற்றியவன் என்ற முறையில் டீச்சர் சொன்ன கதைக்கு வால் ஒன்றை ஒட்டுகிறேன். பாவம் முழுசாகக் கழுவப்படவில்லை. 1971-இல் எடுத்தது போக ஒரு விதி மிச்சம் இருந்தது: கேட்காதவருக்குக் கருத்தடைச் சாதன விளம்பரத்தைத் தபாலில் அனுப்பக் கூடாது. அதாவது பழைய_கடுதாசி அவர்களின் மாமா ஆணுறை கம்பெனி வைத்திருந்தால், இதே 'ஃபேமிலி பிளானிங்' ஸ்டாம்பை உறை மேல் ஒட்டி, உள்ளே குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தை வைத்து, பக்கத்துத் தெருக்காரருக்கு அனுப்பினால் சட்டப்படி தப்பு! வெளியே ஒட்டலாம், உள்ளே வைக்கக் கூடாது. இது 1983 வரை நீடித்தது. அந்த வருஷம் யங்ஸ் என்ற ஆணுறை கம்பெனி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது.

இந்தத் தபால் தடையை மீறியே வளர்ந்த தொண்டு அமைப்புகள்கூட உண்டு. ஃபில் ஹார்வி என்று ஓர் அமெரிக்கர், கேர் என்ற தொண்டு அமைப்பில் இந்தியாவில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பி நார்த் கரோலினாவில் படிக்கும்போது டிம் பிளாக் என்ற இங்கிலாந்து டாக்டரோடு சேர்ந்து, 1970 வாக்கில் கல்லூரிப் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டு ஆணுறைகளைத் தபாலில் விற்க ஆரம்பித்தார்கள். அப்போது காம்ஸ்டாக் சட்டம் உயிரோடு இருந்தது. மாட்டினால் ஜெயில் என்று தெரிந்தே செய்தார்கள். அந்த வியாபாரத்தில் வந்த காசை ஏழை நாடுகளின் கருத்தடைத் திட்டங்களில் போட்டார்கள்.

இனி இந்தியாவுக்கு வருகிறேன். ஹார்வி 1989-இல் ஆரம்பித்த இன்னொரு அமைப்பின் பெயர் டி.கே.டி. இண்டர்நேஷனல். டி.கே.டி. யார்? தீப் கே. தியாகி. நம் ஊர் சுவர்களில் பார்த்து வளர்ந்தோமே தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம், அதைக் கொண்டுவந்த மத்திய அரசு அதிகாரி. வட கரோலினாவில் தபாலில் ஆணுறை விற்றவர் தன் அமைப்புக்கு டெல்லி அதிகாரியின் பெயரை வைத்திருக்கிறார், இங்கே அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சும்மா_ஒருவன்:
சிவப்பு முக்கோணம் என்றால் எனக்கு ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்தான் ஞாபகம். 'அளவான குடும்பம் வளமான வாழ்வு' என்று எழுதியிருக்கும், அதன் மேலேயே சாணி வரட்டி தட்டியிருப்பார்கள். 'வளமான' மட்டும்தான் வெளியே தெரியும்.

அரைக்கால்_ரூபாய்:
எல்லாரும் ஸ்டாம்பைப் பார்த்து உருகுகிறீர்கள். எனக்கு இந்த வகை ஸ்டாம்பைப் பார்த்தாலே எரிச்சல்தான் வரும், காரணம் சொல்கிறேன்.

என் அப்பா அரசாங்கப் பள்ளி வாத்தியார், ஊர் பெயர் வேண்டாம். எமர்ஜென்சி நேரம். மேலிடத்திலிருந்து வாய்மொழியாகச் சொல்லப்பட்டது: ஆளுக்கு இத்தனை 'கேஸ்' பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்கிரிமென்ட் நிற்கும். காகிதத்தில் ஒரு வரி கிடையாது. கேஸ் என்றால் கு.க., அதாவது குடும்பக் கட்டுப்பாட்டு, ஆபரேஷனுக்கு ஆள். அப்பா ராத்திரி சைக்கிளை எடுத்துக்கொண்டு குடியானத் தெருவுக்குப் போவார், தன்னிடம் படித்த பையனின் அப்பாவையே கூப்பிடப் போய், வாசலில் நின்றுவிட்டு, வாயைத் திறக்க முடியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். கடைசியில் என்ன செய்தார் தெரியுமா, எங்களுக்குப் போதும் என்று தானே போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு கேஸ் கணக்கு ஆகிவிட்டது. கையில் கிடைத்த காசை அம்மாவிடம் கொடுத்திருக்கிறார், அம்மா அதைத் தொடவே இல்லை, சாமி மாடத்தில் விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் கனகாலம் கிடந்தது.

1976-77 ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன். வடக்கே நடந்த அளவுக்கு இங்கே அடாவடி இல்லை என்பார்கள், இருக்கலாம், ஆனால் ஆளைப் பிடித்துக் கணக்கு எழுதும் பழக்கம் இங்கேயும்தான் இருந்தது. அந்த நாலு பேர் ஸ்டாம்பில் சிரித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு விபூதிக் கிண்ணம்தான் தெரிகிறது.

கணக்கு_டீச்சர்:
அரைக்கால் தம்பி, உங்கள் அப்பாவை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. நானும் அதே வேலையில் இருந்தவள், கேஸ் பிடிக்கிற பேச்சு ஸ்டாஃப் ரூமில் எப்படி நடக்கும் என்று தெரியும். பெண் வாத்தியார்களிடம் இன்னும் கொச்சையாகக் கேட்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் அப்பாவைத் தெருவில் அலையவிட்டவர்களும் பிரௌன்ஸ்வில்லில் கிளினிக் திறந்த இரண்டு நர்ஸ் அக்கா தங்கையும் ஒரே கூட்டம் இல்லை. ஒருத்தர் 'உனக்கு எத்தனை வேண்டும் என்று நீ முடிவு செய்' என்றார், இன்னொருத்தர் 'நான் முடிவு செய்துவிட்டேன், நீ வந்து படு' என்றார். ஸ்டாம்பில் இரண்டும் ஒரே படமாகத்தான் வரும், அதுதான் ஸ்டாம்பின் கோளாறு.

அரைக்கால்_ரூபாய்:
ஒரே கூட்டம் இல்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது டீச்சர். சாங்கரே 'தகுதியில்லாதவர்கள்' பெருகக் கூடாது என்ற யூஜெனிக்ஸ் கும்பலோடு கை கோத்தவர்தானே. பிளான்டு பேரன்ட்ஹுட்டின் நியூயார்க் கிளையே 2020-இல் தங்கள் மன்ஹாட்டன் கிளினிக்கிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. அவர்களே வெட்கப்படுகிறார்கள், நாம் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?

பல்துளை:
இதே சண்டை ஒரு ஸ்டாம்பை வைத்து நிஜமாகவே நடந்தது. 2008 அக்டோபர் 14, பிரிட்டனின் ராயல் மெயில் 'சாதனைப் பெண்கள்' என்ற வரிசையில் ஆறு தலை வெளியிட்டது. அதில் 50 பென்ஸ் மேரி ஸ்டோப்ஸ். 1921 மார்ச்சில் லண்டன் ஹாலவேயில் அவர் திறந்ததுதான் பிரிட்டனின் முதல் கருத்தடை கிளினிக் என்பார்கள். ஸ்டாம்ப் வந்ததும் கடும் எதிர்ப்பு, காரணம் அரைக்கால் சொன்ன அதே யூஜெனிக்ஸ். அந்த அம்மாள் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். தன் ஒரே மகன் காதலித்த பெண் கண்ணாடி போட்டிருக்கிறாள், கிட்டப்பார்வை, பேரப்பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்று கல்யாணத்துக்கே போகவில்லை. அந்தப் பெண் யார் தெரியுமா, இரண்டாம் உலகப் போரில் அணை உடைக்கும் குதிகுண்டைச் செய்த பார்ன்ஸ் வாலிஸின் மகள்.

தனிமனிதர் முகத்தைப் போட்டால் இந்த வம்பு. அமெரிக்காக்காரன் கெட்டிக்காரன், பெயரில்லாத நாலு பேரை நிறுத்திவிட்டான்.

சும்மா_ஒருவன்:
கண்ணாடிக்காகக் கல்யாணத்துக்கு வராத மாமியாரா! இங்கே சோடாபுட்டி போட்டவன் எல்லாம் இந்தக் குழுவில் கையைத் தூக்குங்கள். லென்ஸ் வைத்து ஸ்டாம்ப் ஓரத்துப் பல்லை எண்ணுகிற கூட்டம் நாம், அந்த அம்மாள் கண்ணில் பட்டால் ஒருத்தரும் தேறமாட்டோம்.

மருந்துச்சீட்டு:
இன்னொரு முடிச்சு இங்கே விழுகிறது. ஸ்டோப்ஸ் நடத்திய பழைய கிளினிக் 1970-களின் நடுவில் திவாலானது. அதை எடுத்து 1976-இல் மேரி ஸ்டோப்ஸ் இண்டர்நேஷனல் என்று உலகம் பூராவும் கொண்டுபோனவர் வேறு யாருமில்லை, மேலே சொன்னேனே, தபாலில் ஆணுறை விற்ற டிம் பிளாக், அவரேதான், கூடவே மனைவி ஜீனும் ஃபில் ஹார்வியும். அந்தத் தொண்டு நிறுவனமும் 2020 நவம்பரில் ஸ்டோப்ஸ் பெயரைக் கழற்றிவிட்டு எம்.எஸ்.ஐ. என்று சுருக்கிக்கொண்டது. பெயர் போகும், வேலை நடக்கும். கிளினிக்குக்கு வருகிற பெண்ணுக்கு வாசலில் யார் பெயர் என்பதா கவலை.

கோண்டாவிலான்:
எல்லாருக்கும் வணக்கம், நான் இப்ப டொரன்டோவில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்து ஆள். பல்துளை அண்ணை, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேணும். பழைய_கடுதாசி 'முத்திரையில் 1972 ஜூன் தெரிகிறது' என்று எழுதினதைப் பார்த்து, ஸ்டாம்பிலேயே மாதம் அச்சடித்திருக்கிறதா என்று அரை மணித்தியாலம் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முத்திரை என்றால் ஸ்டாம்ப்தான். தபாற் கந்தோரில் 'ரெண்டு முத்திரை தாங்கோ' என்றுதான் கேட்போம். நீங்கள் கறுப்பு மையில் குத்துகிறதை முத்திரை என்கிறீர்கள்.

அதேபோல இன்னொரு சொல். நீங்கள் எல்லாரும் 'குடும்பக் கட்டுப்பாடு' என்கிறீர்கள். எங்கட பக்கம் 'குடும்பத் திட்டமிடல்'. 1953-இல் ஆரம்பித்த சங்கமும் அந்தப் பெயரில்தான். நான் சின்ன வயதில் இந்தியச் சஞ்சிகை ஒன்றில் கு.க. என்று பார்த்துவிட்டு அது ஏதோ கட்சியின் பெயர் என்று நினைத்தேன்.

மருந்துச்சீட்டு அண்ணை சொன்ன ஆட்கள் இலங்கைக்கும் வந்தவர்கள். 1973-இல் 'ப்ரீதி' என்று ஆணுறை அறிமுகமானது, ஹார்வி, பிளாக் இரண்டு பேரும் தொடங்கின பி.எஸ்.ஐ. (பாப்புலேஷன் சர்வீசஸ் இண்டர்நேஷனல்) என்ற தொண்டு அமைப்புத்தான் பின்னால் நின்றது. பலசரக்குக் கடையில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ப்ரீதி என்றால் மகிழ்ச்சி. அந்தப் பெயரில் ஒரு பெண்பிள்ளை எங்கள் வகுப்பில் படித்தாள், பாவம், அவள் பட்ட பாடு.

கணக்கு_டீச்சர்:
கோண்டாவிலான் தொட்ட இடம் சரியான இடம். சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. ஸ்டாம்பில் எழுதியிருப்பது பிளானிங், ஹிந்தியில் நியோஜன், அதுவும் திட்டம்தான், இலங்கையில் திட்டமிடல். நாம் மட்டும் 'கட்டுப்பாடு'. யார் யாரைக் கட்டுப்படுத்துவது? அரைக்காலின் அப்பாவைச் சைக்கிளில் அனுப்பியபோது அந்தச் சொல் தன் அர்த்தத்தைக் காட்டிவிட்டது. எமர்ஜென்சி முடிந்து 1977-இல் ஆட்சி மாறியதும் டெல்லியில் 'குடும்ப நலம்' என்று பெயரை மாற்றினார்கள், போர்டில் மாறியது, ஜனங்கள் வாயில் இன்றைக்கும் கு.க.தான். அமெரிக்காவில் 1942-இல் 'கண்ட்ரோல்' என்ற சொல்லைக் கழற்றியதும் இதே கூச்சம்தான் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் நம்மிடம் இதைவிட நல்ல சொல் ஒன்று இருந்தது. 1930-களில் பெரியாரும் அவருடைய குடி அரசு பத்திரிகைக்காரர்களும் 'கர்ப்ப ஆட்சி' என்று எழுதினார்கள். கட்டுப்பாடு இல்லை, ஆட்சி. கர்ப்பத்தின் மேல் அவளுடைய ஆட்சி. மற்றவர்கள் வறுமைக்காக, தேக சுகத்துக்காக, ஜனத்தொகைக்காகக் கருத்தடை வேண்டும் என்கிறார்கள், நாங்கள் பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்கிறோம் என்று அப்போதே பிரித்துச் சொன்னார் பெரியார். 1935 டிசம்பரில் சாங்கர் இந்தியா வந்து வார்தாவில் காந்தியைப் பார்த்தபோது, காந்தி புலனடக்கம்தான் வழி, சாதனம் கூடாது என்று கடைசிவரை இறங்கிவரவில்லை.

பல்துளை:
இந்திய ஸ்டாம்பையும் பதிவு செய்துவிடுகிறேன், தேடுகிறவர்களுக்கு உதவும். 1966 டிசம்பர் 12, குடும்பக் கட்டுப்பாட்டு வாரத்துக்காக 15 பைசா. அமெரிக்காவுக்கு ஐந்தேகால் வருஷம் முன்னாலேயே நாம் போட்டுவிட்டோம். சாங்கர் இறந்தது அதே 1966 செப்டம்பரில். பிறகு 80-களில் 35 பைசா சாதாரணத் தலையிலும் இதே விஷயம் வந்தது.

இந்தியா முந்திக்கொண்டதில் ஆச்சரியமில்லை. 1952-லேயே அரசுத் திட்டமாக எடுத்துக்கொண்ட முதல் நாடு. அந்த வருஷம் நவம்பரில் பம்பாயில் நடந்த மாநாட்டில்தான் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பே பிறந்தது, அதன் தலைமையை சாங்கரோடு சேர்ந்து ஏற்றவர் தன்வந்தி ராமராவ். மதராஸ் பிரசிடென்சி காலேஜில் படித்து, குயின் மேரிஸில் பாடம் எடுத்தவர். அவரும் பம்பாயின் ஆவாபாய் வாடியாவும் 1949-இல் ஆரம்பித்ததுதான் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம்.

அரைக்கால்_ரூபாய்:
தொண்டு அமைப்பாக ஆரம்பித்தவரை சரி பல்துளை. அரசாங்கம் கையில் எடுத்ததும் டார்கெட் வந்துவிட்டது, அங்கேதான் கெட்டது. 1950-களின் பிற்பகுதியிலேயே மதராஸ் அரசாங்கம் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 60,000-க்கும் மேல் ஆண்கள். சாதனை என்று எழுதினார்கள். பசிக்கிற மாசம் பார்த்துப் பரிசுப் பொருளை நீட்டினால் வரிசை நிற்காமல் என்ன செய்யும்?

டீச்சர் பிரித்துச் சொன்னதை யோசித்தேன், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அரை மனசோடுதான்.

கணக்கு_டீச்சர்:
அரை மனசே போதும் தம்பி. எர்ணாகுளத்தில் வரிசையில் நின்றதாவது ஆண்கள். அதற்கப்புறம் எமர்ஜென்சி பயத்தில் ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, கத்தி முழுக்கப் பெண் பக்கம் திரும்பிவிட்டது. பிரசவ வார்டிலேயே 'சேர்த்துப் பண்ணிடலாமா' என்று கேட்பார்கள், வலியில் கிடக்கிறவள் என்ன பதில் சொல்லுவாள். என்னிடமும் கேட்டார்கள், ஆஸ்பத்திரி பெயரை எழுத விரும்பவில்லை. நான் 'நாளைக்குச் சொல்றேன்' என்றேன், நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

மருந்துச்சீட்டு:
ஸ்டாம்பில் இன்னொன்றும் கவனித்தேன். நாலு பேர், கணவன் மனைவி பிள்ளைகள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1965 தீர்ப்பில் கருத்தடைச் சாதனம் பயன்படுத்தும் உரிமை கல்யாணமானவர்களுக்குத்தான் கிடைத்திருந்தது, ஸ்டாம்பிலும் குடும்பம்தான் நிற்கிறது. ஸ்டாம்ப் வந்து நாலே நாள், 1972 மார்ச் 22, ஐசன்ஸ்டாட் – பெயர்ட் வழக்கில் கல்யாணமாகாதவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பு. 1967-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் பெயர்ட் என்பவர் கூட்டம் பேசிவிட்டு, மேடைக்கு வந்த ஒரு மாணவியிடம் கருத்தடை நுரை மருந்து ஒன்றைக் கொடுத்ததற்காகக் கைதானார், அந்த வழக்கு. ஒரு வாரம் கழித்து அச்சடித்திருந்தால் என்ன படம் போட்டிருப்பார்களோ.

சும்மா_ஒருவன்:
ஒரு பெண் தனியாக நின்று போஸ்ட்மேனைப் பார்த்து முறைக்கிற படம்.

கணக்கு_டீச்சர்:
சும்மா தம்பி, முதல் தடவையாக உங்களுக்கு முழு மார்க்.

பல்துளை:
அன்னி பெசன்ட்டை மறந்துவிட்டோம். 1877-இல் லண்டனில் கருத்தடைப் புத்தகம் ஒன்றை வெளியிட்டதற்காகக் கூண்டில் நின்றவர், அந்த வழக்கையும் ஒரு காரணமாகக் காட்டி அவரிடமிருந்து பெண் குழந்தையைப் பிரித்துக் கணவரிடம் கொடுத்தது கோர்ட். அடையாறுக்கு வருவதற்கு முன்பே தியாசபி என்ற பிரம்மஞான இயக்கத்தில் சேர்ந்ததும் அந்தக் கொள்கையைக் கைவிட்டுவிட்டார் என்பது வேறு கதை. 1963-இல் இந்தியா அவருக்கு 15 பைசா ஸ்டாம்ப் போட்டது. கருத்தடையை நினைத்தா போட்டார்கள், ஹோம் ரூலுக்காகப் போட்டார்கள். ஆனாலும் என் ஆல்பத்தில் அவரை இந்தப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன், 1966 தலைக்குப் பக்கத்தில். யாரும் சண்டைக்கு வரவில்லை.

பழைய_கடுதாசி:
நான் ஒரு கிண்ணம் தண்ணீரோடு வந்தேன், நீங்கள் எல்லாரும் சேர்ந்து கடலில் தள்ளிவிட்டீர்கள். நன்றி.

கடிதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், உள்ளே இருக்கிறது. நேற்று ராத்திரி அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தேன், அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, பார்வை சரியில்லை. மெல்லிய நீலத் தாள், இரண்டு பக்கமும் எழுதி மறுபக்கத்து மை இந்தப் பக்கம் தெரிகிறது. பனியைப் பற்றி முக்கால் பக்கம், பிறகு மாமி செய்த இட்லி ஏன் பொங்கவில்லை என்று, பிறகு தாத்தாவின் கண் ஆபரேஷனுக்கு டிராஃப்ட் அனுப்பியது பற்றி. கடைசியில் ஒரு வரி: 'உடம்பைப் பார்த்துக்கொள், இந்தத் தடவை பெண்ணாக இருந்தால் அம்மா பெயரை வை.' அவ்வளவுதான். கட்டுப்பாடு, திட்டம் ஒன்றும் இல்லை.

விடாமல் அம்மாவிடம் கேட்டேன், ஸ்டாம்பில் குடும்பக் கட்டுப்பாடு என்று எழுதியிருக்கிறதே, மூன்று ஒட்டியிருக்கிறாரே, மாமா வேண்டுமென்றே செய்தாரா என்று. அம்மா உறையை வாங்கி மூக்குக்கிட்டே வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, 'அவன் எங்கடா இதெல்லாம் படிச்சுப் பார்த்து ஒட்டுவான், அவனுக்கே நாலு' என்றார்.

பல்துளை:
உறையைச் சாதாரண பிளாஸ்டிக் கவரில் போட்டுவிடாதீர்கள், மதுரை வெயிலுக்கு வியர்த்து ஒட்டிக்கொள்ளும். ஆல்பக் கடையில் பாலியெஸ்டர் உறை கிடைக்கும், கடிதத்தைத் தனியாக, மடிப்பைப் பிரித்து, அதே பக்கத்தில் பின்னால் வையுங்கள்.